நீளமான ஆட்களை விழுங்கிய பாலம்

ஒயரக்காவுக்கு ஒரு மிக்சி கொடுத்தால் பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் ஏறிவிடும் என்று தண்ணீர் வாரியத்தின் தலைமை அலுவலகத்தில் ஒரு பேச்சு கிளம்பியது. கேன்டீனில் கிளம்பும்போது அது வெறும் மிக்சிதான். லிஃப்டில் ஏறி இரண்டாம் மாடியில் இறங்கியபோது ஃப்ரிட்ஜ் ஆகியிருந்தது. நான்காம் மாடிக்குப் போய்ச் சேர்வதற்குள் ஊருக்கு வெளியே ஒரு மனையாக வளர்ந்து, வேலிகூடப் போட்டாகிவிட்டது. ஐந்தாம் மாடி என்று ஒன்று கட்டப்படாததால் அதற்கு மேல் வளர இடமில்லை.

பேச்சு கிளம்பியதும் விசாரணை வந்தது. விசாரணையும் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. பேச்சு மட்டும் ஓய்வு பெறவில்லை. சரி, மிக்சியையாவது கண்ணால் பார்த்துவிடுவோம் என்று அவர் வீட்டுக்குப் போனேன்.

கீழே கணவரின் ஜெராக்ஸ் கடை, மேலே இரண்டு அறை. மிக்சி இருந்தது, மறைக்கமாட்டேன். மூடியில் பாதி உடைந்திருந்தது. ஓடும்போது உள்ளங்கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்ளாவிட்டால் அரைப்பதெல்லாம் சுவருக்குப் போய்விடும். சுவரில் அதற்கான சான்றுகளும் இருந்தன.

"இதுதான் லஞ்சம்னா, கொடுத்தவன் என் மேல நல்ல கோவத்துல இருந்திருக்கான்" என்றார் ஒயரக்கா.

அவருக்கு வாரியம் வைத்திருக்கும் பதவிப் பெயர் தட்டச்சர். பத்தொன்பது வயதில் அந்தப் பெயரோடு உள்ளே வந்தவர். பழைய கட்டடத்தில் கணினிகளை இணைக்க முதன்முதலாகக் கேபிள் போட்டபோது, தரைப் பலகைக்கு அடியில் ஊர்ந்துபோய் அதை இழுக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆண்கள் எல்லோருக்கும் அன்று ஒரே நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒல்லியாக இருந்த குற்றத்துக்காக இவரை இறக்கினார்கள். ஏறி வந்தபோது தலையெல்லாம் தூசி, கையில் கேபிள் பெட்டியோடு வந்த கையேடு. அதை அவர் மூன்று மாதம் படித்தார். அதற்குப் பிறகு பதினான்கு வருடம் அந்தக் கட்டடத்தில் எந்தக் கணினி படுத்தாலும் "ஒயரக்காவக் கூப்பிடு" என்பதுதான் மருத்துவம். சாப்பாட்டுப் பையில் டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் டார்ச்சும் திருப்புளியும் இருக்கும். காகிதத்தில் மட்டும் இன்றுவரை தட்டச்சர். நெட்வொர்க்கைப் பார்த்துக்கொள்ள ஒரு பதவி வேண்டும் என்று வாரியத்துக்குத் தோன்றவில்லை. வேலையைப் பார்க்க ஆள் இருக்கும்போது பதவி எதற்கு?

பழைய கட்டடத்தில் இருப்பது டோக்கன் ரிங். கணினிகள் வளையமாகக் கைகோத்து நிற்கும். டோக்கன் என்று ஒரு சீட்டு சுற்றி வந்துகொண்டே இருக்கும். சீட்டு யாரிடம் வருகிறதோ அவர் மட்டும் பேசலாம், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். எதிரே எழும்பிய புதிய கட்டடத்தில் ஈதர்நெட் போட்டார்கள். அங்கே வாய் இருக்கிறவர் எல்லாம் பேசலாம். இருவர் ஒரே நேரத்தில் பேசிவிட்டால் இருவரும் நிறுத்திவிட்டு, கொஞ்சம் பொறுத்து மறுபடி தொடங்குவார்கள். அலுவலகக் கூட்டம் மாதிரி என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே யாரும் நிறுத்துவதில்லை.

இந்த இரண்டு சாதியும் ஒன்றோடொன்று பேச நடுவில் ரூட்டர் என்று ஒரு பெட்டி வந்தது. இந்தப் பக்கத்துப் பேச்சை வாங்கி, அந்தப் பக்கத்து உடுப்பை மாட்டி அனுப்பும் பாலமாக அதை அமைத்துத் தந்தது ஒரு தனியார் நிறுவனம். அவர்கள் அனுப்பிய இன்ஜினியர் கழுத்தில் டை கட்டியிருந்தார். பாலம் மூன்று மாதம் எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது. ஓடியதெல்லாம் வருகைப் பதிவு: யார் வந்தார், யார் வரவில்லை. ஆளுக்கு அரை வரி.

அப்புறம்தான் பதவி உயர்வு வந்தது. மேற்பார்வையாளர் இடங்கள் நாற்பது. பணியாற்றிய வருடத்துக்கு மதிப்பெண், பணியாற்றிய இடங்களுக்கும் மதிப்பெண். தகுதியுள்ள முந்நூற்றுப் பன்னிரண்டு பேரின் பணிப் பதிவேடுகள் பழைய கட்டடத்துக் கணினியிலிருந்து பாலத்தைத் தாண்டிப் புதிய கட்டடத்துக்குப் போக வேண்டும். அனுப்பும் வேலை, வேறு யார், ஒயரக்காவுக்கு. அனுப்பினார். நூற்றுத் தொண்ணூற்றேழு பேர் போய்ச் சேர்ந்தார்கள். நூற்றுப் பதினைந்து பேர் போகவில்லை. மறுபடி அனுப்பினார். அதே நூற்றுப் பதினைந்து பேர் போகவில்லை. நான்கு முறை அனுப்பினார். ஒவ்வொரு முறையும் நிர்வாகத்துக்கு எழுதினார்: சிலருடையது போகவில்லை, பட்டியலை நிறுத்தி வையுங்கள். நிர்வாகம் அந்தக் கடிதங்களை வாங்கிக் கோப்பில் பத்திரமாகக் கோத்துவிட்டு, வந்த பெயர்களை வைத்துப் பட்டியலை ஒட்டிவிட்டது.

இனி நடந்ததுதான் வயிற்றெரிச்சல். பட்டியலில் இருந்தவர்கள் யார் என்று பாருங்கள். சேர்ந்த நாளில் உட்கார்ந்த நாற்காலியிலேயே இருபது வருடம் உட்கார்ந்திருப்பவர்கள். மேலிடத்தில் மாமாவும் மச்சானும் வைத்திருப்பவர்கள். அவர்களை யார் மாற்றுவார்கள்? விட்டுப்போனவர்கள் யார்? பொய்க் கணக்கில் கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லி, ஒரு நீரேற்று நிலையத்திலிருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று பந்தாடப்பட்டவர்கள். வேண்டியவர்கள் எல்லாம் உள்ளே, வேண்டாதவர்கள் எல்லாம் வெளியே. இதைப் பார்த்த யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும். பணம் கை மாறாமல் இப்படி ஒரு பட்டியல் அமையுமா?

போதாததற்கு முப்பத்தெட்டாவது பெயர் ஒயரக்காவுடையது.

விட்டுப்போனவர்களில் ஒருவரை எல்லோரும் மூட்டைக்காரர் என்பார்கள். இருபத்தேழு வருடத்தில் முப்பத்தோரு இடம் மாறியவர். பாத்திரம் பண்டத்தை மூட்டை கட்டி அவிழ்த்தே பாதி ஆயுள் போயிற்று. அவர் ஒயரக்காவை வராந்தாவில் வழிமறித்தார்.

"ஏம்மா, நானும் ஒரு மிக்சி வாங்கித் தரேன். எந்தக் கம்பெனி புடிக்கும்?"

"அண்ணே, உங்க பேர நான்தான் அனுப்பினேன். ஒரு தடவ இல்ல, நாலு தடவ."

"நாலு தடவ அனுப்பியும் போய்ச் சேரலைன்னா அது என்ன பேரா, பேயா? உன் பேரு மட்டும் முத தடவயே ஓடிப் போய் உக்காந்துக்குச்சே."

அந்தக் கேள்விதான் ஒயரக்காவின் தூக்கத்தைக் கெடுத்தது. திட்டியதுகூடப் பெரிதில்லை. ஏன் போகவில்லை என்று தனக்கே தெரியவில்லையே.

நிர்வாக அதிகாரி இன்ஜினியரை வரவழைத்தார். அவர் பழைய கட்டடத்துக் கணினியில் உட்கார்ந்து, பாலத்தைத் தாண்டி ஒரு சோதனைச் செய்தியை நூறு முறை அனுப்பினார். நூறு முறையும் பதில் வந்தது. டையைச் சரிசெய்துகொண்டு 'இணைப்பில் எந்தக் குறையும் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மறுநாள் ஒயரக்காவுக்குத் தற்காலிகப் பணிநீக்க உத்தரவு. குற்றம் நிரூபணமானால் வேலை போகும். அதோடு திருடி என்ற பெயரும் வரும்.

"மெஷின் நூத்துக்கு நூறுன்னு எழுதிக் கொடுத்திருக்காங்க" என்றார் நிர்வாக அதிகாரி. "மெஷின் தப்பு பண்ணல. அப்ப பண்ணது யாரு? அந்த ரூம்ல மெஷினும் நீங்களும்தான இருக்கீங்க?"

இந்தக் கணக்கை யார் கண்டுபிடித்தது என்று தெரியவில்லை. மூன்று மாதத்துக்கு முன் வந்த பெட்டி பேசினால் சாட்சி. பதினான்கு வருடம் தரைக்கு அடியில் ஊர்ந்தவர் நான்கு கடிதம் எழுதினால் அது கோப்பில் தூங்கும். பெட்டிக்கு மாமா மச்சான் கிடையாது, அதனால் அது நடுநிலையாம். டை கட்டியவர் சொன்னால் பெட்டி சொன்ன மாதிரியாம்.

விசாரணைக்கு வரும்போது முந்நூற்றுப் பன்னிரண்டு பதிவேடுகளுக்கும் இரண்டு பிரதி எடுத்து வர வேண்டும் என்று உத்தரவு. குற்றம் சாட்டுவது வாரியம், நகல் எடுப்பது குற்றவாளி. அச்சடித்த மூலத்தை இரண்டு கட்டாகக் கட்டிக் கொடுத்தார்கள். போய்ச் சேர்ந்தவர்கள் ஒரு கட்டு, சேராதவர்கள் ஒரு கட்டு. எதையும் உருவிவிடக்கூடாது என்று காவலுக்கு ஒரு பியூன் வேறு. அவர் கடையில் ஸ்டூலில் உட்கார்ந்து மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கண்ணயர்ந்துவிட்டார். காவல் அந்த அளவுக்கு.

கணவர் மெஷினில் தாளை வைத்துக்கொண்டே இருந்தார். ஒயரக்கா மேசையில் பெயர்ப் பட்டியலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அகர வரிசையில் பார்த்தார், பிரிவுவாரியாகப் பார்த்தார், எந்தக் கணினியில் ஏற்றியது என்று பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை.

"ஏம்மா, இந்தப் போன கட்டுல எத்தன பேரு?" என்றார் கணவர்.

"நூத்தித் தொண்ணூத்தேழு."

"தாளும் அதேதான். ஆளுக்கு ஒண்ணு. போகாத கட்டுல?"

"நூத்திப் பதினஞ்சு. ஏங்க?"

"அதுக்குத்தான் ஒரு ரீம் காலியாகி அடுத்தத பிரிச்சாச்சு. ஆளுக்கு ரெண்டு, மூணு தாள் வருது. போன கட்டுல ஒருத்தன்கூட ஒரு தாளத் தாண்டல. உன்னோட போகாத ஆளுங்க மட்டும் ஏன் இவ்வளவு நீளம்?"

ஒயரக்கா பேனாவை வைத்துவிட்டார். கணவரைத் திரும்பிப் பார்த்தார். மெஷின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு அவரும் பார்த்தார்.

"என்ன, நான் ஏதாவது தப்பா சொல்லிட்டேனா?"

"இருங்க. பேசாதீங்க. அந்தக் கட்ட இப்படிக் கொடுங்க."

போன கட்டில் அதிக நீளமான பதிவேட்டை எடுத்து எழுத்து எழுத்தாக எண்ணினார். ஆயிரத்து நானூற்றுச் சொச்சம். போகாத கட்டில் மிகக் குட்டையானதை எண்ணினார். ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம். மூட்டைக்காரருடையது இரண்டாயிரத்து முந்நூறு. நடுவில் ஒரு கோடு கிழித்த மாதிரி, அந்தப் பக்கம் போனவர்கள், இந்தப் பக்கம் போகாதவர்கள். ஒருவர்கூட மாறி நிற்கவில்லை. லஞ்சம் வாங்குகிறவர்களால் இவ்வளவு ஒழுங்காக வாங்க முடியாது.

விஷயம் இதுதான். வளையத்தில் சீட்டு கையில் வந்தவர் நீளமாகவே பேசலாம். ஒரே பொட்டலத்தில் நாலாயிரம் எழுத்துக்கு மேலும் கட்டலாம். பழைய கட்டடத்துக் கணினி ஓர் ஆளின் மொத்த வாழ்க்கையையும் ஒரே பொட்டலமாகத்தான் கட்டும். ஈதர்நெட் பக்கத்திலோ ஒரு பொட்டலத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு எழுத்துதான் உச்சம். நடுவில் இருக்கும் பாலத்துக்குப் பெரிய பொட்டலத்தைப் பிரித்து இரண்டாகக் கட்டத் தெரியாது. அது என்ன செய்யும்? சத்தம் போடாமல் கீழே போட்டுவிடும். அதிகமாக இடம் மாறியவருக்கு அதிக வரிகள். அதிக வரிகள் என்றால் பெரிய பொட்டலம். பெரிய பொட்டலம் என்றால் குப்பை. மாமா மச்சான் உள்ளவருக்கு ஐந்து வரி, அவர் சொகுசாகப் போய்ச் சேர்ந்துவிடுவார். நேர்மையாக இருந்ததற்கு வாரியம் இருபது வருடமாகக் கொடுத்த தண்டனையை எழுத்து எண்ணி இன்னொரு முறை கொடுத்தது அந்தப் பெட்டி.

விசாரணை இரண்டு நாள் நடந்தது. முதல் நாள் முழுக்க அவரைக் கேள்வி கேட்டார்கள். மிக்சி என்ன பிராண்ட் என்பதும் ஒரு கேள்வி. இரண்டாம் நாள் அவர், "ஒரே ஒரு தடவ இன்ஜினியர் தம்பிகிட்ட நான் பேசணும் சார், எல்லார் முன்னாடியும், அந்தக் கணினிக்கு முன்னாடி" என்று கேட்டார். நிர்வாக அதிகாரிக்கும் கால் மரத்துப்போயிருந்ததால் எழுந்து நடக்கச் சம்மதித்தார்.

"தம்பி, அன்னிக்கு நீங்க அனுப்பிப் பாத்த செய்தி எவ்வளவு பெருசு?"

"வழக்கமா அனுப்புறதுதான் மேடம்."

"எத்தன எழுத்து?"

இன்ஜினியர் திரையைப் பார்த்தார். "முப்பத்திரண்டு."

"ஒரு ஆளோட பேரும் அவங்க அப்பா பேரும் எழுதினாலே அவ்வளவு வந்துடுமே. அத வெச்சா நூத்துக்கு நூறு போட்டீங்க? சரி, ஆயிரம் வெச்சு அனுப்புங்க."

அனுப்பினார். பதில் வந்தது.

"ரெண்டாயிரம்."

அனுப்பினார். பதில் வரவில்லை. மறுபடி அனுப்பினார். வரவில்லை. நூறு முறை அனுப்பச் சொன்னார் நிர்வாக அதிகாரி. நூற்றுக்குப் பூஜ்யம்.

"இப்ப ரூட்டர்ல அது கீழ போட்ட பொட்டலம் எத்தனன்னு கேளுங்க" என்றார் ஒயரக்கா.

கேட்டார். பெட்டி சொன்னது: நாற்பத்தோராயிரத்துச் சொச்சம். பதில் வராததால் பழைய கட்டடத்துக் கணினி திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கிறது, பாலம் திரும்பத் திரும்பக் கீழே போட்டிருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எண்ணியும் வைத்திருக்கிறது.

"இவ்வளவு போட்டிருக்கே, யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா இது?" என்றார் நிர்வாக அதிகாரி.

"கேட்டா சொல்லும் சார்" என்றார் இன்ஜினியர். "அது டிசைனே அப்படித்தான்."

"யாரும் கேக்காமலே நான் நாலு தடவ சொன்னேன் சார்" என்றார் ஒயரக்கா. "என் டிசைன் வேற."

சரிசெய்வது எப்படி என்று அவர்தான் சொன்னார். பெட்டியைத் திருத்த முடியாது. பழைய கட்டடத்துக் கணினிகளில், ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஒரே பொட்டலமாகக் கட்டாதே, இரண்டாகப் பிரித்துக் கட்டு என்று ஒரு எண்ணை மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மாற்றவும் அவரைத்தான் உட்கார வைத்தார்கள். பணிநீக்கத்தில் இருப்பவர் வேலை செய்யலாமா என்று அப்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. ஒன்பது கணினிகள், ஒரு மதியம். மாலைக்குள் நூற்றுப் பதினைந்து பேரும் பாலத்தைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தார்கள். மூட்டைக்காரர் இரண்டு பொட்டலமாகப் போனார். வாழ்க்கையில் முதல் முறையாக அவரை வேறொருவர் மூட்டை கட்டி அனுப்பினார்.

அந்த எண்ணை மாற்றும்போது ஒயரக்காவுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். அந்த நூற்றுப் பதினைந்து பேருக்கும் அவரைவிட மதிப்பெண் அதிகம். அவர்கள் வந்தால் இவர் முப்பத்தெட்டாக இருக்க மாட்டார். பட்டியலைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒட்டினார்கள். நூற்று ஐம்பத்து மூன்றாவது பெயராகப் போனார். இடம் நாற்பதுதான்.

"கஷ்டமா இல்லையாக்கா?" என்று கேட்டேன்.

"கஷ்டமா இல்லாம? எனக்கும் அந்த நாற்காலி வேணும்தான். ஆனா திருடின்னு சொல்லிட்டு அதுல உக்கார வெச்சா முதுகு சாயுமா?"

கீழேயிருந்து கணவரின் குரல் வந்தது. "அவ உக்காந்தா ஒயர யாரு பாக்குறது? அதுக்குத்தான் உக்கார விடல."

மூட்டைக்காரர் மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். வந்து மன்னிப்புக் கேட்டாரா என்று விசாரித்தேன். கேட்கவில்லை. கேன்டீனில் பார்த்தபோது தன் தட்டை நகர்த்தி இடம் விட்டாராம். ஒயரக்கா அதை மன்னிப்பாக எடுத்துக்கொண்டிருக்கிறார். நான் எடுத்துக்கொள்ளவில்லை. டை கட்டிய இன்ஜினியருக்கு அவர் நிறுவனம் பாராட்டுக் கடிதம் கொடுத்திருக்கிறது, சிக்கலான பிரச்சினையைக் கண்டறிந்ததற்காக.

விசாரணையின் முடிவு எழுத்தில் வந்தது: குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை. நிரூபிக்கப்படவில்லை என்றால் என்ன அர்த்தம்? செய்தாள், அகப்படவில்லை என்றா? பொய் என்று எழுதுங்கள் என்று அவர் கேட்டதற்கு, படிவத்தில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்றார்கள். கேன்டீனில் மிக்சி இன்னும் ஓடுவது இந்தக் கட்டம் இல்லாததால்தான்.

கடைசியாக ஒன்று. பணிநீக்கத்தில் இருந்த பதினோரு நாளையும் அவருடைய சொந்த விடுப்பில் கழித்திருந்தார்கள். குற்றம் நிற்காததால் திருப்பித் தர வேண்டும். ஒன்பது நாளைத் தந்துவிட்டார்கள். மீதி இரண்டு நாள் விசாரணை நடந்த நாட்கள். அந்த இரண்டு நாளும் அவர் காலையிலிருந்து மாலைவரை அலுவலகக் கட்டடத்துக்குள்தான் இருந்தார். அதில் ஒரு மதியம் முழுக்க ஒன்பது கணினிகளைத் திருத்தினார். ஆகையால் அவர் வராமல் இருந்ததாகச் சொல்ல முடியாது என்கிறது நிர்வாகம். பணிநீக்க நாளுக்கான விடுப்பு திரும்பக் கிடைக்காது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்து இல்லாததால் வந்ததாகவும் சொல்ல முடியாது என்கிறது. வந்தவரும் இல்லை, வராதவரும் இல்லை.

மூன்று முறை எழுதிக் கொடுத்திருக்கிறார். போன திங்கட்கிழமை நிர்வாக அதிகாரியின் மேசை முன் நின்று நேரிலும் கேட்டிருக்கிறார்.

"ரெண்டு நாள்தானம்மா" என்றாராம் அவர்.

"ரெண்டு நாள்தான் சார். கொடுத்துடுங்களேன்."

இன்றைய தேதிவரை கொடுக்கவில்லை.